அரிய ஆண் பெயர்கள்: பொருளும் பூர்வீகமும் தெரிந்து வைப்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

ஆண் குழந்தைக்கு "யாரும் வைக்காத பேரா" வேண்டும் என்று தேடத் தொடங்கினால் முதலில் கையில் கிடைப்பது ஒரு பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "வீரன்", "அரசன்", "ஒளி மிக்கவன்", "சிவபெருமான்" என்று ஒரு சொல் இருக்கும். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, அந்தப் பெயரோடு யார் வாழ்ந்தார் என்று ஒரு வரிகூட இருக்காது. அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி ஒட்டிச் செய்த ஓசைகளும் அதே பட்டியலில் "தூய தமிழ்ப் பெயர்" என்று உட்கார்ந்திருக்கும்.

அரிய பெயருக்கு ஒரு முகவரி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பாட்டிலோ, கல்லிலோ, காசிலோ, ஒரு கோயிலிலோ அந்தப் பெயரைத் தொட்டுக் காட்ட முடிய வேண்டும். நாளைக்குப் பையன் "எனக்கு ஏன் இந்தப் பேர்?" என்று கேட்டால் சொல்ல ஒரு கதை இருக்க வேண்டும். தமிழில் அப்படிப்பட்ட பெயர்கள் ஏராளம். தேடும் வழி தெரிந்தால் போதும்.

முதல் படி: எங்கே தேடுவது

முதல் இடம் சங்க இலக்கியம். பாட்டு எல்லாவற்றையும் படித்து முடிக்க வேண்டியதில்லை. புறநானூற்றை 1894-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோது, பாடியவர்கள், பாடப்பட்டவர்கள் பற்றிய வரலாற்றுக் குறிப்புகளையும் சேர்த்துக் கொடுத்தார். அந்தப் பகுதியே ஒரு பெயர்க் களஞ்சியம். குமணன், எழினி, அந்துவன், திதியன், வழுதி, கிள்ளி, நள்ளி, ஓரி, காரி, பேகன் என்று வந்துகொண்டே இருக்கும். ஐங்குறுநூற்றின் முதல் பாட்டே "வாழி ஆதன், வாழி அவினி" என்றுதான் தொடங்குகிறது. அவினி என்ற பெயரை இன்று எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்?

இரண்டாவது இடம் கல்வெட்டு. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான், ஏனென்றால் இங்கே அரசர்கள் மட்டுமில்லை, கடை வைத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். மதுரைக்குப் பக்கத்தில் அழகர்மலைக் குகையில், சமணத் துறவிகளுக்குக் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. உப்பு வணிகன் வியகன், பாணித வணிகன் நெடுமூலன் (பாணிதம் என்றால் பாகு), மதுரைப் பொன்கொல்லன் ஆதன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் உப்பு விற்ற ஒருவரின் பெயர் இன்றும் பாறையில் இருக்கிறது. அதே வட்டாரத்து மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியனோடு சேர்ந்து கடலன் வழுதி என்று ஒருவர் வருகிறார். கடலன்! சொல்லும்போதே எளிது, பொருள் யாரும் விளக்க வேண்டாம், வகுப்பில் இன்னொரு கடலன் இருக்க வாய்ப்பும் குறைவு.

கல் மட்டுமில்லை, பானை ஓடும் உண்டு. கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் கீறப்பட்டிருப்பதை 2019-இல் வந்த தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கையில் பார்க்கலாம். எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசைர் அல் காதிமில் கணன், சாதன் என்று எழுதிய ஓடுகள் கிடைத்தன. கண்ணன், சாத்தன் என்று படிக்கிறார்கள். அதே கடற்கரையில் பெரெனிகேயில் கொற்றபூமான். தாய்லாந்தில் பொன் உரைத்துப் பார்க்கும் ஒரு சிறு கல்லில் "பெரும்பதன் கல்" என்று இருக்கிறது. கடல் தாண்டிப் போனவர்கள் தங்கள் உடைமையில் எழுதி வைத்த பெயர்கள் இவை. பிழைப்புக்காக வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் சாத்தனையும் கொற்றனையும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, பக்தி இலக்கியம். அறுபத்துமூன்று நாயன்மார் வரிசையில் நமக்குத் தெரிந்தது நான்கைந்து பெயர்தான். அமர்நீதி, இயற்பகை, மெய்ப்பொருள், அதிபத்தர், கலிக்காமர், நமிநந்தி, இடங்கழி, செருத்துணை, புகழ்த்துணை என்று மற்றவை அப்படியே காத்திருக்கின்றன. அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர். திருநாவுக்கரசருக்குப் பெற்றோர் வைத்த பெயர் மருணீக்கியார், அதாவது மருளை நீக்குபவர். வைணவத்தில் நம்மாழ்வாரின் தந்தை பெயர் காரி, ஆழ்வார் மாறன். இரண்டும் சேர்ந்து காரிமாறன். திருமங்கையாழ்வாரின் இயற்பெயர் நீலன்.

நான்காவது இடத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்: சொந்த ஊர்க் கோயில். சீர்காழிக்காரர்களுக்குத் தோணியப்பனும் சட்டைநாதனும், சிதம்பரத்தாருக்குக் குஞ்சிதபாதமும், நெல்லைப் பக்கம் சுடலைமுத்து, இசக்கிமுத்து, பலவேசம் போன்றவையும் ஊரின் முத்திரை உள்ள பெயர்கள். தாத்தா தலைமுறையில் தெருவுக்கு நான்கு பேர் இருந்திருப்பார்கள். இன்று தொடக்கப்பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒன்றுகூட இருக்காது. அரிதான பெயர் எப்போதும் பழைய ஏட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்திலும் இருக்கலாம். பேரனைப் "பெயரன்" என்று சொன்ன மொழி இது. தாத்தாவின் பெயரை மறுபடி எடுப்பது இங்கே வழக்கமே.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு தனிப் புதையல் உண்டு. பழைய கத்தோலிக்கத் தமிழில் திருத்தூதர்களின் பெயர்களைப் பொருளோடு தமிழாக்கி வைத்தார்கள். பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் "சிறியவர்" என்று பொருள், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் "கடவுள் அருளினார்", அதனால் அருளப்பர். சின்னப்பன், அருளப்பன் எல்லாம் அப்படி வந்தவை. சூசை என்பது போர்த்துக்கீசிய வாயில் யோசேப்பு. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் தேம்பாவணி பாடியபோது சூசையைக்கூட விடவில்லை. எபிரேயத்தில் யோசேப்பு என்ற பெயர் பெருகுதலைக் குறிக்கும் என்பதால் தன் காப்பியத் தலைவனுக்கு வளன் என்று பெயரிட்டார். திருச்சி தூய வளனார் கல்லூரியின் பெயரில் இருப்பது அந்த வளன்தான். மூன்றே எழுத்தில் இவ்வளவு அழகான ஆண் பெயர் தமிழில் குறைவு.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் இதே மாதிரி ஊர் மணம் உள்ள பெயர்கள் உண்டு. கீழக்கரை வள்ளல் ஷெய்கு அப்துல் காதிர் மக்கள் வாயில் சீதக்காதி ஆனார். நாகூர் ஆண்டவரின் நினைவாகச் சாகுல் ஹமீது என்று வைப்பது கடற்கரை முழுக்க உண்டு.

இரண்டாம் படி: பெயரைப் பிரித்துப் பாருங்கள்

பழைய ஏடுகளில் வரும் பெயர் முழுவதும் பெயர் இல்லை. "பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன்" என்பதில் பாண்டியன் குடி, தலையாலங்கானத்துச் செருவென்றது அவர் செய்த காரியம், நெடு என்பது அடைமொழி, செழியன் பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியில் அதியமான் என்பது குடிப்பெயர். ஆளின் பெயர் அஞ்சி. கணியன் பூங்குன்றனில் கணியன் தொழில், காலம் கணிப்பவர்; பூங்குன்றன் ஊரால் வந்தது. அந்தப் பூங்குன்றம் இன்று சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி என்கிறார்கள்.

அடைமொழிகள் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் வேலை எளிது. நெடு, பெரு, இளம், கடு, வல், மா, செம், நல் ஆகியவை முன்னால் ஒட்டும். "இளம்" என்றால் பல இடங்களில் வயதில் சிறியவர், தம்பி, இளவரசர் என்ற பொருள்தான். வெறும் "ந" ஒட்டினாலும் சிறப்புப் பொருள் வரும். கீரனோடு சேர்ந்து நக்கீரன், தத்தனோடு சேர்ந்து நத்தத்தன். பெண்களில் நச்செள்ளை, நப்பசலை. அப்படியானால் கீரன் என்று தனியாகவும் வைக்கலாம். மோசிகீரனாரும் அந்தப் பெயர் கொண்டவர்தான்.

இந்தப் படியில் என்னை மிகவும் கவர்ந்தது ஆந்தை. பிசிராந்தையார் என்ற புலவரின் பெயரைக் கேட்டதும் பறவைதான் நினைவுக்கு வரும். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் ஆதன், பூதன் என்ற பெயர்களோடு "தந்தை" சேரும்போது எழுத்துகள் எப்படிக் கெடும் என்று ஒரு நூற்பாவே இருக்கிறது. ஆதன் + தந்தை = ஆந்தை. பூதன் + தந்தை = பூந்தை. கீரன் + தந்தை கீரந்தை, சாத்தன் + தந்தை சாத்தந்தை. பிசிர் என்ற ஊரின் ஆந்தையார்தான் பிசிராந்தையார், ஆதனின் தந்தை. மகன் பெயரால் அப்பாவை அழைக்கும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

பட்டங்களிலும் கவனம் வேண்டும். ஏனாதி, காவிதி, எட்டி போன்றவை அரசன் கொடுத்த பட்டங்கள். கேட்க நன்றாக இருக்கிறது என்று வைத்தால் "தாசில்தார்" என்று பெயர் வைத்தது போல ஆகிவிடும்.

மூன்றாம் படி: எந்த மொழி என்று கண்டுபிடியுங்கள்

இது உயர்வு தாழ்வு பார்ப்பதற்காக இல்லை. பூர்வீகம் தெரிந்தால்தான் பொருளைச் சரியான அகராதியில் தேட முடியும்.

எளிய அடையாளம் முதல் எழுத்து. தமிழ்ச் சொல் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற வரிசைகளில் தொடங்காது. அதனால்தான் இராமன், இலக்குவன் என்று முன்னால் இகரம் போட்டார்கள். சகரத்திலும் "ச" என்ற எழுத்து சொல்லின் முதலில் வராது என்று தொல்காப்பியம் சொல்கிறது. சா, சி, சே போன்றவை வரலாம். ஆகவே ர, ல, ட-வில் தொடங்கும் பெயர் வேறொரு மொழி வழியாக வந்தது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஆனால் இதைத் திருப்பிப் போட முடியாது. கபிலன், பராந்தகன், கண்டராதித்தன் எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருந்தாலும் வடமொழி வேர் உள்ளவை. கபில என்றால் செம்பழுப்பு நிறம். பராந்தகன் என்றால் பகைவருக்கு முடிவானவன். சோழ மன்னர் அரிஞ்சயன் பெயரும் பகைவரை வென்றவன் என்பதுதான்.

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். அசுவினிக்குச் சு, சே, சோ, ல என்று கொடுப்பார்கள். ல-வில் பழந்தமிழ்ப் பெயர் கேட்டால் கிடைக்கவே கிடைக்காது. தேடித் தேடிக் கடைசியில் பொருளே இல்லாத ஒரு ஓசையை வைத்துவிடுகிறார்கள். சேவில் தேடினால் சேரலாதன், சேயோன், சேந்தன் என்று நன்றாகவே கிடைக்கும். நான்கு எழுத்தில் எது மொழிக்குப் பொருந்துகிறதோ அதை எடுங்கள்.

வடமொழிப் பெயர் தமிழ் வாயில் உருமாறிய விதத்தையும் பாருங்கள். விபீஷணன் கம்பரிடம் வீடணன் ஆகிறான். விஷ்ணு சித்தர் விட்டுசித்தன் ஆகிறார். இந்த உருமாறிய வடிவங்களே தனி அழகுள்ள அரிய பெயர்கள்.

இன்னொரு வழி பொருளை மட்டும் வைத்துக்கொண்டு பெயரைத் தமிழாக்குவது. தனித்தமிழ் இயக்கத்தின் காலத்தில் வேதாசலம் மறைமலை ஆனார்: வேதம் மறை, அசலம் மலை. அதற்கும் முன்பே சூரியநாராயண சாஸ்திரி, பரிதிமாற் கலைஞர் என்று எழுதினார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். தாத்தா பெயர் வைக்கவேண்டும், ஆனால் புதிதாகவும் இருக்கவேண்டும் என்கிற வீட்டில் இது அருமையான சமரசம். சந்திரசேகரன் என்ற தாத்தாவுக்குப் பிறைசூடன் என்ற பேரன். நீலகண்டனுக்கு மணிமிடற்றன். ஔவையார் அதியமானை வாழ்த்தும்போது (புறநானூறு 91) சிவனை "நீலமணி மிடற்று ஒருவன்" என்றுதான் சொல்கிறார், ஆக இந்தத் தமிழாக்கத்துக்கு நல்ல பழமையும் இருக்கிறது.

நான்காம் படி: பொருளை இரண்டு இடத்தில் பாருங்கள்

முதலில் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939-இல் பின்னிணைப்பும் வந்தது. இன்று இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள், எந்த நூலில் வருகிறது என்று குறித்திருப்பார்கள். தெலுங்கு, கன்னடம், மலையாளத்தில் உறவுச் சொற்கள் வேண்டுமென்றால் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியைப் பாருங்கள். அகராதியில் பார்த்த பிறகு மூலப் பாட்டைப் பார்க்க வேண்டும். இணைய நூல் தொகுப்பான மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்திலும் சங்க நூல்கள் முழுவதும் கிடைக்கும்.

ஏன் இரண்டையும் பார்க்க வேண்டும்? ஓரியை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் குதிரையின் பிடரிமயிர் என்று இருக்கும், நரி என்றும் இருக்கும். நரியைப் பார்த்ததும் மூடிவிடத் தோன்றும். ஆனால் பறம்பு மலையின் வளத்தைக் கபிலர் சொல்லும் புறநானூற்றுப் பாட்டில் (109) "அணிநிற ஓரி" என்று வருகிறது. தேன் நன்றாக முதிர்ந்தால் அதில் ஒரு நீலநிறம் பாயும், அந்த நிறத்துக்கு ஓரி என்று பெயர். சிறுபாணாற்றுப்படையோ "காரிக் குதிரைக் காரியொடு மலைந்த ஓரிக் குதிரை ஓரி" என்கிறது. ஏறும் குதிரைக்கும் ஆளுக்கும் ஒரே பெயர். அப்படியானால் கொல்லிமலைத் தலைவன் பெயரில் பிடரிமயிர் பறக்கும் குதிரை இருக்கிறது, மொழியில் முதிர்ந்த தேனின் நிறமும் இருக்கிறது. இவ்வளவையும் "வள்ளல்" என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது அநியாயம்.

ஒரே பெயருக்கு இரண்டு விளக்கம் வந்தால் பயப்பட வேண்டாம். கரிகாலன் என்பதைத் தீயில் கால் கரிந்தவன் என்றும், பகைவரின் கரிகளுக்கு, அதாவது யானைகளுக்குக் காலன் என்றும் இருவிதமாகச் சொல்வார்கள். ஏகாம்பரத்தை "ஒரே ஆடை" என்று பிரிப்பவர்கள் உண்டு. காஞ்சிபுரத்தில் அந்த இறைவன் மாமரத்தடியில் இருப்பவர், ஏக ஆம்ரம், ஒற்றை மாமரம் என்று பிரிப்பதுதான் அந்தக் கோயிலுக்குப் பொருந்துகிறது. கோயிலின் தல மரமும் மாதான். பெயரின் பொருளைத் தீர்மானிக்க அது நின்ற இடமே பல நேரம் உதவும்.

பொருள் காலத்தோடு மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆதன் சேர மன்னர் பெயர்களில் பெருமையோடு வருகிறது: நெடுஞ்சேரலாதன், வாழியாதன். பிற்காலப் பாடல்களில் "ஆதர்" என்றால் அறிவில்லாதவர். பூதன் ஒரு காலத்தில் சாதாரணப் பெயர். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் அரசன். இன்று பூதம் என்றால் வேறு. ஆதனை நான் வைக்கச் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பிற்காலப் பொருள் பேச்சில் இல்லை. பூதனைச் சொல்லமாட்டேன்.

ஐந்தாம் படி: அந்தப் பெயரோடு வாழ்ந்தவர் யார்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். பொருள் நல்லதாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நன்னன் என்ற பெயரில் "நன்மை" தெரிகிறது. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் ஒரு நன்னனைத்தான் புகழ்கிறது. ஆனால் குறுந்தொகை 292-இல் பரணர் இன்னொரு நன்னனைச் சொல்கிறார். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள் என்று ஒரு பெண்ணைக் கொல்லச் சொன்னவன். ஈடாக 81 யானைகளும் அவள் எடைக்குப் பொன்பாவையும் கொடுக்க வந்தும் ஏற்கவில்லை. "பெண் கொலை புரிந்த நன்னன்" என்பது இரண்டாயிரம் ஆண்டாக அழியவில்லை. இருவரும் வேறு ஆட்கள்தான், ஆனாலும் தெரிந்து வைப்பது ஒன்று, தெரியாமல் வைப்பது ஒன்று.

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தவர். அதே பேகன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருக்க, கபிலரும் பரணரும் அவருக்குப் புத்தி சொல்லிப் பாடிய பாட்டுகளும் புறநானூற்றில் உண்டு. சீராளன் மிக இனிய பெயர், சீர் உடையவன். ஆனால் சிறுத்தொண்டர் தன் மகன் சீராளனையே கறியாக்கிய கதையைத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் பிள்ளைக்கறி நினைவுக்கு வந்து முகம் வாடும். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஓரி, காரி என்று வைக்க ஆசை வரலாம். அகநானூறு 209 காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. தனித்தனி வீட்டில் இரண்டும் நல்ல பெயர், ஒரே தொட்டிலில் வேண்டாம். சோழர் பெயரான மதுராந்தகனுக்கு மதுரைக்கு முடிவு கட்டியவன் என்று பொருள். மதுரைக்காரர்கள் ஒருதரம் யோசிக்க வேண்டும்.

எல்லாம் எச்சரிக்கையாகவே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இந்தப் படிதான் சில பெயர்களை ஒளிர வைக்கும். முதிரமலைக் குமணன் நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் இருக்கிறார். பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் பரிசில் கேட்டு அங்கேயே போகிறார். கொடுக்க ஒன்றும் இல்லை. தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருப்பான் என்று சொல்லி வாளை நீட்டுகிறார் குமணன். புறநானூறு 165-இல் படிக்கலாம். குமணன் என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் தேடிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. அவர் வாழ்க்கையே அந்தப் பெயருக்குப் பொருள்.

அதே போலத்தான் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. "உண்டால் அம்ம இவ்வுலகம்" என்ற பாட்டை (புறநானூறு 182) எழுதியவர். தனக்கென வாழாதவர்கள் இருப்பதால்தான் உலகம் இருக்கிறது என்று சொன்னவரின் பெயர் வழுதி. பாண்டியர் வெளியிட்ட செப்புக் காசிலும் "பெருவழுதி" என்ற எழுத்து கிடைத்திருக்கிறது. பாட்டு, கல், காசு மூன்றிலும் நிற்கும் பெயர் அபூர்வம்.

அஞ்சியும் அப்படித்தான் பாட்டிலும் கல்லிலும் நிற்கிறார். 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கண்டுபிடித்த கல்வெட்டில் "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" என்று இருக்கிறது. அசோகரின் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற பழைய கேள்விக்கு விடை கிடைத்தது அந்த ஒரு வரியில்தான்.

ஆறாம் படி: இன்றைய காதில் எப்படி விழுகிறது

அஞ்சி வரலாற்றில் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் இன்று "பயந்து" என்றுதான் காதில் விழும். ஆய் அண்டிரன் பொதிய மலை வள்ளல்; ஆய் என்று பள்ளியில் கூப்பிட்டால் பையன் அழுதுகொண்டு வருவான், ஆகவே அண்டிரன் என்று எடுங்கள். இதில் வரலாற்றுக்கு அவமரியாதை ஒன்றும் இல்லை. பெயரைச் சுமக்கப்போவது குழந்தை.

ஆண் பெயரா பெண் பெயரா என்ற கேள்வியும் மாறிக்கொண்டே இருக்கும். கோதை என்றால் இன்று ஆண்டாள்தான். சங்க காலத்தில் அது சேர மன்னரின் பெயர். "கோதை மார்பிற் கோதையானும்" என்று புறநானூறு 48 மாலை அணிந்த மார்புடைய கோதை என்ற அரசரைப் பாடுகிறது. சேரர் காசில் "மாக்கோதை" என்று எழுதியிருக்கிறது. அரசர் பெயர் என்று எவ்வளவு சொன்னாலும் இன்று ஒரு பையனுக்குக் கோதை என்று வைத்தால் வாழ்நாள் முழுக்க விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எழினி அதியமான் மகன் பெயர், ஆனால் இகரத்தில் முடிவதால் பெண் பெயர் போலவும் கேட்கிறது. அவினியும் அப்படியே. மாக்கோதை, பொகுட்டெழினி என்று முழுதாக வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

அப்புறம் கூப்பிட்டுப் பாருங்கள். பெயர் என்பதே கூப்பிடத்தான். அன் என்று முடிந்தால் ஆ ஆகும்: கடலா, வளவா, அந்துவா, குமணா. இ என்று முடிந்தால் நீளும்: வழுதீ, ஓரீ. வாசலில் நின்று உரக்க ஒருதரம், கோபமாக ஒருதரம், கொஞ்சலாக ஒருதரம். பாட்டிக்கு வாயில் நுழைகிறதா என்றும் பாருங்கள். நெடுஞ்சேரலாதன் என்று வைத்தால் வீட்டில் கூப்பிடப்போவது "ஆதன்" தான். அப்படியானால் சான்றிதழிலும் ஆதனே இருக்கட்டும்.

இனிஷியலோடு சேர்த்துச் சொல்லிப் பார்க்கவும். "பே. கடலன்" ஒன்றுமில்லை, "கு. ரங்கன்" குரங்கன் ஆகிவிடும். இப்படித் தற்செயலாகச் சேரும் ஓசைகளைப் பள்ளிப் பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஏழாம் படி: எழுத்தும் சான்றிதழும்

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அப்போது பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட்டு ஏதோ ஒன்றைக் கொடுக்காதீர்கள். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்க வழி இருக்கிறது. மேலே சொன்ன தேடலுக்கெல்லாம் இந்த அவகாசம் போதும்.

ஆங்கில எழுத்துகளில் எழுதுவதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். ழகரத்துக்கு இசட் எச் போடுவது தமிழ்நாட்டில் வழக்கம். வெறும் எல் போட்டால் செழியன் செலியன் ஆவான், வழுதி வலுதி ஆவான். நெடிலுக்கு ஏ-வை இரண்டு போடுவதா ஒன்றா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஆதனுக்கு ஒரே ஏ போட்டால் அதன் என்று படிப்பார்கள். ழ, ள, ற, ஞ இல்லாத கடலன், கீரன், குமணன், அந்துவன், நீலன் போன்றவை வெளிநாட்டில் வளரப்போகும் பிள்ளைக்குச் சுலபம். அங்கே ஆசிரியர் முதல் நாளே சரியாகச் சொல்லிவிடுவார்.

முடிவு செய்த எழுத்துக்கூட்டலை மருத்துவமனைப் படிவம், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கொடுங்கள். அப்பா பெயர் இனிஷியலாக நிற்குமா, விரித்துக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதுவீர்களா என்பதும் முதல் படிவத்திலேயே தீர்ந்துவிட வேண்டும். அரிய பெயரில் எழுத்துப்பிழை வந்தால் அது பிழை என்றே எதிரில் இருப்பவருக்குத் தெரியாது, அப்படியே அடுத்த சான்றிதழுக்கும் போய்விடும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் அதே பதிவு அலுவலகத்தில் திருத்தம் கேளுங்கள். தள்ளிப் போட்டு, பள்ளிச் சான்றிதழ் வரை தவறு போன பிறகு அரசிதழில் பெயர்மாற்றம் செய்வது இதைவிட நீண்ட வேலை.